புதுப்பிப்பு: ஊசி போட்ட தோள் இப்போ எப்படி இருக்கு?

ஃப்ளூ தடுப்பூசி போட்ட அன்னிக்கு ராத்திரியே இடது தோள் பிடிச்சுக்கிச்சு, கையைத் தூக்க முடியலன்னு எழுதியிருந்தேன். "ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு நிறைய பேர் சொன்னீங்க. ஆகல. சட்டை மாட்டவே வீட்டுல ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு.

எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தோள் எலும்புக்கு அடியில இருக்கற 'பர்சா'ங்கற சின்ன நீர்ப்பையில வீக்கம். ஊசி டெல்டாய்டுங்கற மேல்கை தசையில இறங்காம தோள்ல ரொம்ப உயரத்துல குத்தினா இப்படி வருமாம், தடுப்பூசி போட்டதால வர்ற இந்தத் தோள் காயத்துக்கு 'சிர்வா'ன்னு பேரு. மருந்து மேல குத்தமில்ல, குத்தின இடம்தான். அமெரிக்காவுல 2017லயே தடுப்பூசி இழப்பீட்டுப் பட்டியல்ல இதைச் சேர்த்துட்டாங்க.

ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு போட்டாங்க (அதே தோள்ல இன்னொரு ஊசியான்னு அம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க). அப்புறம் பிசியோ. சுவத்துல விரலை நடக்கவிட்டு கையை மேல ஏத்தற பயிற்சி உயிரை வாங்குது, ஆனா அதுலதான் குணம் தெரியுது. இப்போ தலை சீவ முடியுது. முதுகு சொறிய இன்னும் எட்டல.

அடுத்த வருஷமும் ஃப்ளூ ஊசி போடுவேன். ஆனா காலரை மட்டும் இழுத்துக் காட்டப் போறதில்ல. சட்டையைக் கழட்டிட்டு, தோள் எலும்பு நுனிக்கு ரெண்டு மூணு விரல் கீழ போடுங்கன்னு கேட்டுப்பேன்.