பழைய படகின் பெட்ரோல் டேங்க்: ஒழுகவில்லை, இருந்தாலும் மாற்றிவிடலாமா?

அணியம்:

வணக்கம். என்னிடம் இருப்பது 24 அடி ஃபைபர் படகு, உள்ளே பொருத்திய பெட்ரோல் இன்ஜின், கட்டி முப்பது வருடம் ஆகப் போகிறது. டேங்க் அலுமினியம், சுமார் 200 லிட்டர் பிடிக்கும், தளத்துக்கு அடியில் சுற்றிலும் ஃபோம் ஊற்றி அசையாமல் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அதை யாரும் மாற்றியதில்லை. கடல் தண்ணீரில்தான் ஓடுகிறது. இதுவரை ஒழுக்கு என்று எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் முழுவதும் நிரப்பிய நாட்களில் உள்ளே லேசாகப் பெட்ரோல் வாசம் வருகிறது, கொஞ்சம் ஓட்டிய பிறகு போய்விடுகிறது.

இப்போது தளத்தின் பிளைவுட் ஊறிப்போனதால் டேங்குக்கு மேலே இருக்கும் பகுதியை எப்படியும் வெட்டி எடுக்கப் போகிறேன். அதோடு டேங்கையும் மாற்றிவிடு என்று சிலர் சொல்கிறார்கள், ஒழுகாத டேங்கை ஏன் தொடுகிறாய் என்று சிலர். உள்ளே ஏதோ ரசாயனம் ஊற்றிப் பூச்சு போட்டால் இன்னும் பல வருடம் வரும் என்றும் ஒருவர் சொன்னார். எந்தப் பக்கம் போவது?

துடுப்பு:

டேங்க் கதை அப்புறம், முதலில் அந்த வாசம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், மேலே போய்க் கலையாமல் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் அளவு வந்துவிடும். காரணம் தெரியும்வரை டேங்கை நிரப்பாதீர்கள், வாசம் இருக்கும்போது இன்ஜினை மட்டுமல்ல, எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். காற்று வெளியேற்றும் விசிறி நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் கிளம்பவும் வேண்டாம்.

நிரப்பியபோது மட்டும் வாசம் வருகிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் டேங்கின் மேல்பக்கத்தில்தான். எரிபொருள் ஊற்றும் ஹோஸ், காற்றுப்போக்கி ஹோஸ், அளவு காட்டும் கருவிக்கு அடியில் இருக்கும் வாஷர், இந்த மூன்றும் நிறைந்த டேங்கில்தான் கசியும், கொஞ்சம் குறைந்ததும் நின்றுவிடும். ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, துணியால் துடைத்து முகர்ந்தால் வாசம் ஒட்டியிருந்தாலோ அது முடிந்தது. டேங்கை வைத்துக்கொண்டாலும் இந்த வயதில் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும், அதில் இரண்டு கருத்தே கிடையாது.

தாழம்பூ:

வயதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம் என்பது என் அனுபவம். ஏரியில் ஓடும் என் படகின் டேங்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். ஃபோம் கிடையாது, கட்டைகளின்மேல் பட்டை வைத்துச் சுற்றிக் காற்று போகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. அழுத்தம் கொடுத்துச் சோதித்து அதையே திரும்ப வைத்தோம், இன்றைக்கும் ஓடுகிறது. பழையது என்பதற்காக நல்ல உலோகத்தைத் தூக்கிப் போடுவது வீண்செலவு.

பழங்கலம்:

தாழம்பூ சொல்வது அவருடைய படகுக்கு முழுக்கச் சரி, அணியத்தின் படகுக்குப் பொருந்தாது. வித்தியாசம் அந்த ஃபோமில் இருக்கிறது.

அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதன்மேல் தானாகப் படரும் மெல்லிய ஆக்சைடு படலம். கீறல் விழுந்தாலும் காற்று பட்டால் உடனே மறுபடி வளர்ந்துவிடும். உப்புத் தண்ணீரை உறிஞ்சிய ஃபோம் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் இடத்தில் காற்றே போகாது, படலம் வளராது, அங்கே உலோகம் புள்ளி புள்ளியாக உள்நோக்கி அரித்துக்கொண்டே போகும். அதனால்தான் இந்த டேங்குகள் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே சாகின்றன. உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும், அடியில் ஊசி நுழையும் துளை விழுந்திருக்கும். வழக்கமாக முதலில் போவது அடிப்பக்கமும் அதன் மூலைகளும், அதாவது பார்க்கவே முடியாத இடம்.

உள்ளிருந்து அரிப்பதும் உண்டு. 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் தோராயமாக 0.5 சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். உங்கள் 200 லிட்டருக்கு அது வெறும் ஒரு லிட்டர். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் படகில் அந்த அடுக்கு டேங்கின் தாழ்ந்த மூலையிலேயே கிடக்கும். வடிகட்டியைக் கழற்றி அதில் இருப்பதை ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீரோ, வெள்ளையாகக் கூழ் மாதிரி எதுவுமோ இருந்தால் அலுமினியம் கரைய ஆரம்பித்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

தளத்தைத் திறந்ததும் டேங்கின் மேல் ஓரத்தில் ஒரு கை அளவுக்கு ஃபோமைத் தோண்டி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் என்னைப் பொறுத்தவரை பேச்சு முடிந்தது, மாற்றுங்கள். காய்ந்திருந்தால் மட்டும் அழுத்தச் சோதனைக்குப் போகலாம். டேங்கின் பெயர்த்தகட்டில் எவ்வளவு அழுத்தம் வரை சோதிக்கலாம் என்று இருக்கும், பெரும்பாலும் 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு). அதைத் தாண்டவே கூடாது. 3 என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும், ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் அது இரண்டு டன் எடைக்குச் சமம். அதனால் கம்ப்ரஸரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், பெட்ரோலை எடுத்துவிட்டு, எல்லா வாய்களையும் அடைத்துவிட்டு, சைக்கிள் பம்பால் மெதுவாக ஏற்றுங்கள். நிழலில் செய்யுங்கள், டேங்கின் உள்ளே இருக்கும் காற்று 5 டிகிரி மாறினாலே அழுத்தமானியின் முள் சுமார் 0.3 பி.எஸ்.ஐ. அளவுக்கு நகர்ந்து உங்களைக் குழப்பிவிடும்.

ஆனால் ஒன்று. அந்தச் சோதனை இன்றைக்குத் துளை இல்லை என்றுதான் சொல்லும். தகட்டில் முக்கால்வாசி அரித்துப்போய்க் காகிதக் கனத்தில் நிற்கிற இடத்தை அது காட்டாது. இந்த வேலையில் பெரும் பாடு டேங்க் அல்ல, தளத்தை வெட்டித் திறந்து மறுபடி மூடி ஃபைபர் போடுவதுதான். அதை நீங்கள் எப்படியும் செய்யப் போகிறீர்கள். புதுத் தளத்துக்கு அடியில் முப்பது வருட டேங்கை ஃபோமோடு புதைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதே தளத்தை அறுக்க யாருக்கும் மனசு வராது.

அணியம்:

தெளிவாகச் சொன்னீர்கள் அண்ணே. பூச்சு பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம், மாற்றுவதானால் பிளாஸ்டிக் டேங்க் போடலாமா? துரு, அரிப்பு எதுவும் இல்லை என்கிறார்கள்.

பழங்கலம்:

பூச்சை மறந்துவிடுங்கள் தம்பி. படகு டேங்கின் உள்ளே அலைத்தடுப்புத் தகடுகள் இருக்கும், ஒவ்வொரு அறையையும் சுத்தமாகத் தேய்த்துக் காயவைக்க வழியில்லை. அழுக்கின்மேல் போட்ட பூச்சு உரிந்து வந்து குழாயை அடைத்தால் நடுக்கடலில் இன்ஜின் நிற்கும். வெளிப்பக்க அரிப்பை அது நிறுத்தப் போவதும் இல்லை.

துடுப்பு:

பிளாஸ்டிக் நல்ல தேர்வுதான், ஆனால் பெட்ரோலை உறிஞ்சிக் கொஞ்சம் வளரும், சுமார் 2 சதவீதம். ஒரு மீட்டர் நீள டேங்க் இரண்டு சென்டிமீட்டர் வரை நீளும், ஆகவே குழியில் இறுக்கி வைக்கக் கூடாது, பட்டையும் அதற்கு இடம் விட்டுக் கட்ட வேண்டும். கிடைக்கிற அளவுகளில்தான் வாங்க முடியும் என்பது இன்னொரு குறை. உங்கள் குழியின் வடிவத்துக்கே வேண்டும் என்றால் அலுமினியம்தான், 5052 அல்லது 5083 ரகம், தகடு 3.2 மில்லிமீட்டருக்குக் குறையாமல். பழைய டேங்குகளில் நிறைய 2.3தான் இருக்கும். 4.8 கிடைத்தால் இன்னும் நல்லது, எடை ஒன்றும் பெரிய பிரச்சினை இல்லை.

வைக்கும் முறைதான் ஆயுளைத் தீர்மானிக்கும். மறுபடி ஃபோம் ஊற்றாதீர்கள். அடியில் தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலே தூக்கி, ஈரம் உறிஞ்சாத கெட்டியான பிளாஸ்டிக் பட்டைகளை டேங்கின் அடியிலேயே பசையால் முழுவதும் ஒட்டி, இடுக்கில் தண்ணீர் புகாதபடி செய்து, அதன்மேல் உட்காரவையுங்கள். பித்தளை இணைப்பை அலுமினியத்தில் நேராக முறுக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரித்துப் போகும். இடையில் ஸ்டெயின்லெஸ் வரட்டும். எல்லா வாயும் மேல்பக்கத்தில் மட்டும். புது டேங்கிலும் நிலத்தொடர்பு கம்பி போட மறக்காதீர்கள், பெட்ரோல் ஊற்றும்போது நிலைமின் பொறி வராமல் காப்பது அதுதான்.

இரும்புத் துடுப்பு:

டீசல்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: உங்கள் இரும்பு டேங்குக்கு இந்தக் கணக்கில் ஒரு மாற்றம் உண்டு. அங்கே உள்ளே தேங்கும் தண்ணீரும், அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் வளரும் கிருமிச் சேறும் அடித்தகட்டை உள்ளிருந்தும் தின்னும். மேலே ஒரு மூடி வெட்டி, கைவிட்டுத் தேய்த்துப் பார்த்து முடிவெடுக்கலாம். பெட்ரோல் டேங்கில் அப்படி வெட்டப் போகாதீர்கள்.

தாழம்பூ:

ஃபோம் ஈரமாக இருந்தால் பழங்கலத்தின் பக்கம்தான் நானும். அணியம், எடுக்கும்போது பெட்ரோல் முழுவதையும் இறக்கி, டேங்கின் எல்லா வாயையும் அடைத்து, அடிப்பகுதியைக் காற்றோட்டமாக வைத்த பிறகே தளத்தில் ரம்பம் வைக்கவும். ஃபோமைக் கை ரம்பத்தாலும் உளியாலும் மட்டும் எடுங்கள், கிரைண்டர் வேண்டாம். தளத்தை வெட்டும் முன்பு, வெட்டும் திறப்பு எங்கே வருகிறது, டேங்க் அந்தத் திறப்பு வழியாக வெளியே வருமா என்று அளந்துகொள்ளுங்கள். வராது என்றால் ஒரே பெரிய டேங்குக்குப் பதிலாக இரண்டு சிறிய டேங்குகளாகச் செய்து இறக்கலாம், அடுத்த முறை எடுப்பதும் சுலபம்.

அணியம்:

நேற்று தளத்தின் ஒரு மூலையைக் கை ரம்பத்தால் திறந்தேன். ஃபோம் பிழியவே தேவையில்லை, தொட்டாலே தண்ணீர் வருகிறது. மாற்றுகிறேன். குழியை அளந்து இரண்டு டேங்காக வரைந்துகொண்டிருக்கிறேன், வரைபடம் தயாரானதும் இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.