மல்வாதோ: தீயவனா, கொடியவனா, பொல்லாதவனா?

அனைவருக்கும் வணக்கம். ஸ்பானிஷ் வகுப்புக்கான சொற்பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மல்வாதோ' ஒன்றுதான் பாக்கி.

'மாலோ'வுக்குக் 'கெட்ட' என்று போட்டுவிட்டேன். 'எஸ் மாலோ' என்றால் ஆள் கெட்டவன். 'எஸ்தா மாலோ' என்றால் உடம்பு சரியில்லை; உணவைச் சொன்னால் கெட்டுப்போய்விட்டது. நமக்கும் கெட்ட பையன் உண்டு, கெட்டுப்போன பாலும் உண்டு. 'மலிக்னோ' புற்றுக்கட்டிக்கும் வரும், சாத்தானுக்கும் வரும். மல்வாதோ அப்படியில்லை. பாலுக்கு வராது, நோய்க்கு வராது. மனமறிந்து கேடு செய்கிறவரைத்தான் குறிக்கும். எடுத்துக்காட்டாக வைத்திருப்பது கதைகளில் வரும் 'லா மல்வாதா மத்ராஸ்த்ரா'; மத்ராஸ்த்ரா என்றால் மாற்றாந்தாய். என்ன போடலாம்?

* * *

தங்கைக்கு, 'தீய' இருக்கும்போது ஏன் தயக்கம்? குறிப்புப் பெயரெச்சம், இரண்டே எழுத்து. "தீயவை தீய பயத்தலால் தீயவை தீயினும் அஞ்சப் படும்" என்று குறளே நெருப்பையும் தீமையையும் பக்கத்தில் வைக்கிறது. இரண்டும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. 'மால்' என்ற முதற்பகுதியையும் கவனியுங்கள். நமக்கு மால் என்றால் கருமை, மயக்கம். கருமையும் மயக்கமும் சேர்ந்த இடத்தில்தானே தீமை?

* * *

ஐயா, குறள் சரி. 'மால்' ஒப்பீட்டை மட்டும் விட்டுவிடுங்கள். ஒலி ஒத்துப்போவதால் உறவாகிவிடாது. மல்வாதோவின் வழி ஸ்பானிஷ் அகாடமியின் அகராதியிலேயே இருக்கிறது: பேச்சு லத்தீனின் 'மலிபாத்தியுஸ்', அங்கிருந்து தென் பிரான்சின் புரோவென்சால் மொழியின் 'மல்வாத்', பிறகு ஸ்பானிஷ். மலிபாத்தியுஸ் என்றால் கெட்ட விதி வாய்த்தவன். 'கெட்ட' என்று பொருள்படும் பிரெஞ்சு 'மோவே'யும் அதே வேர்தான். விதி கெட்டவனைக் குறித்த சொல் தீயவன்மேல் ஏறிவிட்டது. நம் 'பாவம்' எதிர்த்திசையில் நடந்தது. பாவம் செய்கிறவன் பாவி, ஆனால் துன்பப்படுகிறவனைப் பார்த்து "ஐயோ பாவம்" என்கிறோம். தீவினையும் அப்படித்தான், செய்த செயலும் அதுவே, வந்து சேரும் பயனும் அதுவே. எனவே 'தீவினையாளன்' என்பது என் பரிந்துரை.

* * *

இருபது ஆண்டு வகுப்பெடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், 'தீவினையாளன்' என்றால் மாணவர் முதலில் அதற்குப் பொருள் கேட்பார்கள், பிறகுதான் மல்வாதோவுக்கு வருவார்கள். கதை கேட்கும் பிள்ளைக்கு 'கொடுமைக்காரச் சித்தி' என்றால் போதும். 'பொல்லாத'வையும் யோசித்தேன். ஆனால் பேரனைப் "பொல்லாத பயல்" என்று கொஞ்சுகிறோமே! அந்த இளக்கம் மாலோவுக்கு உண்டு. மலீதோ என்பது மாலோவின் செல்ல வடிவம்; எக்வடோரில் "நோ சேயா மலீதோ" என்பது உதவி கேட்கும் பேச்சு, நம் "கொஞ்சம் மனசு வையுங்க" மாதிரி. மல்வாதோவில் அந்த இளக்கம் இல்லை. 'கயவன்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். கயமை கீழ்மை, கொடுமை வேறு.

* * *

காரன் சேர்ந்தது பேச்சுத்தமிழ். பட்டியலில் 'கொடிய' போதும்.

* * *

கொடிய நோய், கொடிய வெயில், கொடிய விஷம் எல்லாம் உண்டே? மனிதருக்கு மட்டும் என்றுதானே தங்கை கேட்டார்? நோய் மலிக்னோவின் பக்கம் போய்விடும்.

* * *

அப்படியானால் பெயராகவே வைப்போம்: கொடியவன், கொடியவள். ஸ்பானிஷிலும் 'எல் மல்வாதோ' என்று பெயராக நிற்கிறது. பெயரடையாக வரும்போது 'கொடிய மனம் படைத்த'.

* * *

நாளை அச்சகம், இனித் தள்ளிப்போட முடியாது. 'கொடியவன், கொடிய மனம் படைத்த' என்றே அனுப்புகிறேன், நால்வர் ஒப்பினார்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் 'கொடுமைக்காரச் சித்தி'யே இருக்கட்டும், அதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் படவில்லை. அனைவருக்கும் நன்றி.

* * *

அனுப்புங்கள் தங்கை. ஆனால் 'கொடிய' என்று போட்டதும் விதி என்ற பொருள் சுவடே இல்லாமல் போகிறது. அடுத்த பதிப்பில் தீவினையை மறுபடி எடுப்பேன்.