புதுப்பிப்பு: குமுளி ஏலக்காய் ஸ்டோரை என்ன செய்தேன்

மனைவியும் மகளும் கம்பத்துக்கே போய்விட்டார்கள், பச்சை ஏலக்காயை உலர்த்தும் கூடமான என் இரண்டாவது ஸ்டோரைக் கைவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். விற்றுவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதைத் திரையில் பார்த்தவன் நான். அந்த வேகத்தில் கடன் வாங்கிக் கட்டியதுதான் இந்த இரண்டாவது ஸ்டோர். அப்புறம் விலை இறங்கியது, வட்டி இறங்கவில்லை. பச்சைக்காய் காய ஒரு ராத்திரி முழுக்க ஆகும். சூடு கூடினால் நிறம் போய்விடும், நிறம் போனால் விலையும் போச்சு. யாரையும் நம்பாமல் நானே காவல் இருந்தேன். மகள் வளர்ந்ததெல்லாம் போன் படங்களில்தான்.

ஞாயிற்றுக்கிழமை லோயர் கேம்ப் வழியாகக் கம்பம் போனேன். பையைக் கீழே வைப்பதற்குள், "எப்பக் கிளம்புவீங்கப்பா?" என்றாள். நாளைக்கு இல்லைம்மா என்றேன். அவள் நம்பவில்லை. என் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கடனில் பாதி இன்னும் நிற்கிறது. பழைய ஸ்டோர் போதும், அதில் கட்டிவிடலாம். மனைவி இன்னும் சரியாகப் பேசவில்லை. அவள் மேல் தப்பில்லை. அடுத்த ஞாயிறும் போகிறேன்.