புதுப்பிப்பு: பர்ஸில் வைக்கும் அட்டை லென்ஸ்

ஏடிஎம் கார்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி வாங்கியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். விளையாட்டுச் சாமான்தானே, எதற்கு உதவும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நன்றாகவே உதவுகிறது. மாத்திரை அட்டையின் ஓரத்தில் மையே இல்லாமல் அழுத்தி மட்டும் வைத்திருக்கும் காலாவதித் தேதியை இப்போது அம்மாவே படித்துவிடுகிறார்.

இவ்வளவு மெல்லிசாக இருந்தும் எப்படிப் பெரிதாகக் காட்டுகிறது? நகத்தால் வருடினால் வட்ட வட்டமாக வரிப்பள்ளம் தட்டுப்படும். லென்ஸின் வளைவை வைத்துக்கொண்டு நடுச்சதையை எடுத்துவிட்ட வேலை. இந்த வகை லென்ஸ், பிரான்ஸின் இயற்பியலாளர் ஃபிரெனெல் கலங்கரை விளக்கத்துக்காகச் செய்தது. 1823இல் அந்நாட்டின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏறியது. எழுத்தின் ஓரம் கொஞ்சம் மங்கும், கீறலும் சீக்கிரம் விழும். அப்புறம், ஜன்னல் வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள், பின்னாலிருக்கும் காகிதம் கருகிவிடும்.