கிடா விதை சுருங்கும் காலம்: ஒரு சொல் தேவை (அவசரம்)

நண்பர்களே,

கால்நடை மருத்துவப் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் உள்ள செயின்ட் கில்டா தீவுகளின் சோவே செம்மறிகளைப் பற்றியது. அங்கே நவம்பரில்தான் கிடாக்கள் முட்டி மோதி ஆடுகளோடு சேரும். ஐந்து மாதச் சினை, ஏப்ரலில் குட்டி. குளிர்காலம் கடந்ததும் கிடாவின் விதைகள் சுருங்கிவிடும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், விந்தணு குறையும், சண்டைக் குணமும் அடங்கும். இந்தக் காலத்துக்கு என்ன சொல்? ‘பருவமற்ற காலம்’ என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “இன்னும் பருவத்துக்கே வராத கிடாவா சார்?” என்றான் ஒரு பையன்.

ந.

*

வள்ளுவரே சொல்லிவிட்டாரே!

ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர்
தாக்கற்குப் பேருந் தகைத்து (486)

பொருதகர், அதாவது சண்டைக்கிடா, பின்வாங்குவது தோற்று அன்று, பாய்வதற்கு. விதையும் அப்படித்தான் பின்வாங்கி நிற்கிறது. ‘விதை ஒடுக்கம்’ என்று போடுங்கள். கையோடு கிடாவையும் ‘தகர்’ ஆக்கிவிடலாம். தொல்காப்பிய மரபியலில் “மோத்தையும் தகரும் உதளும் அப்பரும்” என நான்கு பெயர் இருக்க, கிடா எதற்கு?

பழ.

*

ஐயா, அப்பர் என்று போட்டால் பிள்ளைகள் தேவாரம் பாடுவார்கள். ‘தகர் ஒடுக்கம்’ என்றால் தகரக் கொட்டகை நசுங்கிவிட்டது என்பார்கள். தவிர, பள்ளி வேதியியலில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர்வினைதான் ஒடுக்கம்.

செ.

*

எங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல். தமிழ்நாட்டில் ‘குன்றல் பகுப்பு’ எனப்படும் செல் பிரிவை இலங்கையில் ‘ஒடுக்கற்பிரிவு’ என்றே படிப்பிக்கிறோம். விந்தணு உண்டாவதே அந்தப் பிரிவால்தான். விதை ஒடுக்கம் என்றால் விதை மும்முரமாக வேலை செய்கிறது என்று எங்கள் பிள்ளைகள் விளங்கிக்கொள்ளும். நேரெதிர்! ‘உறங்குகாலம்’ சரிவராதா?

மா., யாழ்ப்பாணம்

*

உறக்கமும் பொருந்தாது. பல இனங்களில் விந்தணு உற்பத்தி குறையுமே தவிர அடியோடு நிற்பதில்லை. ஆட்டுக்காரர்களிடம் கேட்கலாம் என்றால் அவர்களிடமும் இதற்குத் தனிச்சொல் கிடையாது. எப்படி இருக்கும்? நம் மேச்சேரி, மெட்ராஸ் சிவப்பு ஆடுகளில் இந்த மாற்றமே பெரிதாகத் தெரியாது. சென்னையில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பத்து மணி நேரத்துக்கு மேல். இரவு நீண்டால் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலட்டோனின் என்ற ஹார்மோனை அதிக நேரம் விடும். அதுதான் கிடாவுக்குக் காலண்டர். ஜெரால்டு லிங்கன் என்ற ஆய்வாளர் அங்கே சோவே கிடாக்களை விளக்கொளியில் வைத்து 16 வாரம் நெடும்பகல், 16 வாரம் குறும்பகல் என்று மாற்றிக் காட்டினார். நெடும்பகலில் விதை சுருங்கியது, குறும்பகலில் பெருத்தது. வெளியே என்ன மாதம் என்பது பொருட்டே இல்லை.

சினை பிடிக்காத மந்தையைப் பார்க்கப் போனால் “கிடா மந்தமா இருக்குங்க” என்பார்கள். நோயோ, வெயிலோ, வயதோ, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். இருந்தாலும் ‘மந்தகாலம்’ என்றால் புரிந்துவிடும்.

கு.

*

மந்தம் வடசொல்.

பழ.

*

காலம் மட்டும்?

செ.

*

காலம் தமிழே. ‘கால்’ என்னும் வேரிலிருந்து விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

பழ.

*

ஐயா, வேண்டாம். அச்சகத்தில் இருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று பேர் சரி என்றதால் ‘மந்தகாலம்’ என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘விதை சுருங்கியிருக்கும் மாதங்கள்’ என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

ந.

*

அனுப்பியாயிற்றா? தமிழ்நாட்டுப் பாடநூலில் விதை இல்லையே, விந்தகம் அல்லவா?

செ.