நுங்கு வண்டி ஜெயித்தது (புதுப்பிப்பு)

மூன்றரை வயதுப் பையன் கையில் போனுக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருந்தேன் இல்லையா, எது எடுபட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலிடம் நுங்கு வண்டிக்குத்தான். வேலூர் வெயிலுக்கு எப்படியும் நுங்கு வாங்குகிறோம், சுளை எடுத்த காயில் இரண்டைக் கேட்டு வாங்கி, குச்சியால் கோத்து, கவட்டைக் கம்பு வைத்துத் தள்ளவிட்டால் தெருக்கோடி வரை ஓடுகிறான். காய் வதங்கினால் வேறு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் மஞ்சள் படம். மஞ்சள்தூளைக் கரைத்துத் தாளில் பூசிக் காயவைத்து, துணி சோப்புத் தண்ணீரில் பஞ்சுக்குச்சியை நனைத்துக் கோடு போட்டால் சிவப்பாகிறது (சோப்பில் இருக்கும் காரத்தின் வேலை). அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் பழையபடி மஞ்சள். இதற்கு அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்காவே எட்டிப் பார்த்தார். முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

வேலூர் பக்கத்துக் கரிகிரி ஊரில் செய்யும் மண் சொப்பு அழகுதான், ஆனால் இந்த வயசுக்கு உடைந்துகொண்டே இருக்கிறது.

தின்பதற்குக் கேழ்வரகு வெல்ல அடை. தாத்தா வாங்கி வரும் ஆற்காடு மக்கன் பேடாவை (குலாப் ஜாமூன் மாதிரி இனிப்பு) பிய்த்து, உள்ளே இருக்கும் முந்திரி, பாதாமை எடுத்துவிட்டுத்தான் தருகிறேன், முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும்.