பொருள்: எழுத்துத் திரையின் கான்ட்ராஸ்ட் – தமிழில் எப்படி எழுதலாம்?

வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) செயல்முறைத் தாள் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 16×2 எழுத்துத் திரையில் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வது என்ற பகுதியில் சிக்கல். பின்விளக்கு எரிந்தும் திரை வெறுமையாக இருந்தால், திரையின் 3-ஆம் காலில் (பின்னில்) இணைத்த 10 கிலோ ஓம் பிரீசெட்டை, அதாவது திருகி மாற்றும் மின்தடையை, திருகிப் பார்க்க வேண்டும். மேல்வரியில் மட்டும் கட்டங்கள் நிரம்பி நின்றால் திருகிப் பயனில்லை. தொடக்கக் கட்டளைகள் போய்ச் சேரவில்லை. ஆர்.எஸ்., ஈ, டி4 முதல் டி7 வரையுள்ள கால்களின் கம்பிகளைச் சரிபார்த்து, ஆர்.டபிள்யூ. கால் கிரவுண்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தத் திருகு மாற்றுவதை, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள நிற வேறுபாட்டை, என்னவென்று சொல்வது? 'வெளிச்சம்' என்றால் பிள்ளைகள் 15, 16-ஆம் கால்களுக்குப் போய்விடுகிறார்கள். அவை பின்விளக்குக்கு உரியவை.

செ.

----

ஐயா, புதிதாகத் தேட வேண்டாம். உறழ்வு. தொல்காப்பியர் ஆண்ட வேர். உறழ்தல் மாறுபடுதல்.

அ.மு.

----

உறழ்தலுக்கு ஒத்திருத்தல் என்றும் பொருள் உண்டே, ஐயா! போல, புரைய, ஒப்ப, உறழ என்று நன்னூல் உவம உருபுகளோடு சேர்த்திருக்கிறது. வேறுபாட்டைச் சொல்ல வந்த சொல் 'போல' என்று நின்றால் எப்படி? ஐந்து தொடைகளில் ஒன்றான முரண் இருக்கிறது. இருளும் ஒளியும் எதிரெதிர் நிற்பதற்கு அதைவிடப் பொருத்தம் ஏது? முரண்திருகு என்று வைக்கலாம்.

தி.

----

ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பது குற்றமானால் தமிழில் பாதியைத் தள்ள வேண்டியிருக்கும். புணரியலில் உறழ்ச்சி என்பது இயல்பாகவும் திரிந்தும் வருவது. திரையிலும் புள்ளி தெரிந்தும் வரும், தெரியாமலும் வரும். இதைவிட என்ன வேண்டும்?

அ.மு.

----

இந்த இழுப்புக்கு நான் வரவில்லை. 'திரை முரண்டு பிடிக்குது மிஸ்' என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். துலக்கம் என்று எழுதுங்கள், பாத்திரம் துலக்குகிற வீட்டில் எல்லோருக்கும் புரியும்.

வ.

----

அம்மா, உயிரியலில் தூண்டல், துலங்கல் (ரெஸ்பான்ஸ்) என்று படிக்கிற பிள்ளைகள் அவர்கள், துலக்கத்தோடு குழப்பிக்கொள்வார்கள். அது கிடக்கட்டும். பிரீசெட்டை ஒரு பக்கமே திருகிக்கொண்டு போனால் எழுத்துக்குப் பின்னால் உள்ள கட்டங்களும் கறுத்து, எழுத்து அதற்குள் மூழ்கிவிடும். துலக்கத்தைக் கூட்டக் கூட்டத் துலங்காமல் போகிறது என்றா எழுதுவது? 3-ஆம் காலின் மின்னழுத்தம் குறையக் குறையப் புள்ளிகள் கறுக்கும், நடப்பது அவ்வளவுதான். 'கருமை' போதும்.

இரா.

----

நீலத் திரையில் எழுத்து வெள்ளையாக வருமே, அங்கே கருமை எங்கிருந்து வந்தது? சென்னையில் மின்னணுப் பொருள் விற்கும் ரிச்சி தெருவில் இரண்டு வகையும்தான் கிடைக்கிறது.

வ.

----

நடுவில் ஒன்று. என் மாணவர்கள் தங்கள் பெயரைத் தமிழில் வரவைக்கச் சொல்கிறார்கள். இந்தத் திரையை இயக்கும் எச்.டி.44780 சில்லில் நாமே வரைந்துகொள்ள ஒரே நேரத்தில் 8 உருக்களுக்குத்தான் இடம், ஒவ்வொன்றும் 5×8 புள்ளி. 'ட' எளிது, 'ப' எளிது. 'ண' எழுதி யாராவது ஜெயித்திருக்கிறீர்களா? ஐந்து புள்ளி அகலத்தில் அத்தனை சுழிகளையும் எங்கே வைப்பது! 'ணை' பற்றிக் கேட்கவே வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் பரப்பினாலும் இடைவெளி விழுந்து எழுத்து உடைகிறது.

கு.

----

கு., அதைத் தனி இழையாகப் போடுங்கள், எனக்கும் வேண்டும்.

மற்றவர்களுக்கு: தனிமடல்களையும் சேர்த்தால் துலக்கத்துக்கே ஆள் அதிகம். தாளில் முதல் இடத்தில் 'எழுத்துத் துலக்கம், அதாவது கான்ட்ராஸ்ட்' என்றும், பிறகு துலக்கம் என்றும் போடுகிறேன். எழுத்து மறைகிற அளவுக்குத் திருக வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். பிரீசெட் பிரீசெட்டாகவே இருக்கட்டும். அதுவும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர்தானே என்று மின்னழுத்தமானி என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் நீளக் கம்பி வைத்த கருவி நினைவுக்கு வந்துவிடும்.

செ.

----

அச்சாகட்டும், தடுக்கவில்லை. ஆனால் அடுத்த தாளில் ஒளி உணரி வரும்போது அதன் ரெஸ்பான்ஸுக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? பாடநூலில் துலங்கல்தான் இருக்கிறது. முரணை நான் கைவிடவில்லை.

தி.